செருப்பு கழன்றது தெரியாத கால்

கேள்வி: எனக்கு 56 வயது. ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சைவம். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் காலையில் 1000, இரவில் 1000 மில்லிகிராம். வயிற்று எரிச்சலுக்குப் பான்டோப்ரசோல் தினமும் உண்டு. மூன்று ஆண்டுகளாக இரண்டு பாதங்களும் எரிகின்றன. பகலில் வேலை மும்முரத்தில் பொறுத்துக்கொள்கிறேன். இரவில் படுத்தவுடன் மிளகாய் அரைத்துப் பூசியது போல் இருக்கிறது. ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வெறும் சிமென்ட் தரையில் கால் வைத்துப் படுக்கிறேன். நரம்புக்கு என்று இரண்டரை ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். அட்டைகளை இத்துடன் ஒட்டியிருக்கிறேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 8.4. சமீபத்தில் ஒரு முகாமில் காலில் கருவி வைத்துப் பார்த்து, "நரம்புகள் இறுகிவிட்டன, அறுவை சிகிச்சை செய்து தளர்த்தாவிட்டால் பின்னால் காலையே எடுக்கவேண்டி வரும்" என்றார்கள். கத்தி வைக்காமல் வழி இருக்கிறதா? அதிரும் கருவி ஒன்று வாங்கித் தருவதாக மகன் சொல்கிறான், வாங்கலாமா? சர்க்கரையை ஒரே மாதத்தில் இறக்கிவிட்டால் எரிச்சல் நின்றுவிடுமா?

— வாசகர், கும்பகோணம்

அன்புள்ள ஐயா,

முதலில் முகாமில் கிளப்பிவிட்ட பயத்தைக் கீழே இறக்கி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் காலில் கத்தி வைப்பதற்கு எனக்கு ஒரு முகாந்திரமும் தெரியவில்லை. காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோவது ஆறாத புண். அந்தப் புண்ணுக்கு வழிவிடுவது, காலில் நடப்பது நமக்குத் தெரியாமல் போவது. எரிகிற கால் குறைந்தபட்சம் உங்களோடு பேசிக்கொண்டாவது இருக்கிறது.

அதனால்தான், எரிச்சலை விவரித்து நீங்கள் எழுதிய மூன்று பக்கங்களை விட, நான்காம் பக்கத்தின் ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கி எழுதிய ஒரு வரி எனக்குப் பெரிதாகப் பட்டது. "போன மாதம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது வலது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே பத்தடி நடந்துவிட்டேன். மனைவி சொல்லித்தான் திரும்பிப் பார்த்தேன். இருவரும் சிரித்துக்கொண்டோம்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பதில் முழுவதும் அந்தச் செருப்பைச் சுற்றித்தான் வரப்போகிறது.

முகாம் சீட்டில் உங்கள் நோய்க்கு "நியூரோபதி" என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். அது நோயின் பெயரே அன்று. "நரம்பு கெட்டிருக்கிறது" என்பதற்கு மேல் அதில் ஒரு செய்தியும் கிடையாது. காய்ச்சல் என்று எழுதிவிட்டு, மலேரியாவா டைஃபாய்டா என்று பார்க்காமல் விடுவதைப் போன்றது. தமிழில் இதை "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லலாம் என்றால், மாதம் ஒருமுறை லாட்ஜ் அறையில் வந்து தங்கும் வைத்தியர்களின் விளம்பரங்கள் அந்தச் சொல்லை வேறு விஷயத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. நான் நரம்புப் பாதிப்பு என்றே எழுதுகிறேன்.

ஏன் பாதத்தில் தொடங்குகிறது? நீங்கள் காவிரிக்கரைக்காரர், உங்களுக்குச் சொல்வது எளிது. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. கால் விரல் நுனியின் உணர்வை எடுத்துச் செல்லும் நரம்பிழையின் உயிரணு, இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை. அந்த இழைக்குத் தேவையான புரதம் முதலான சரக்கெல்லாம் மேலிருந்துதான் இறங்கி வரவேண்டும். உடலில் எந்தக் கோளாறால் இந்தப் பாசனம் குறைந்தாலும் மிக நீளமான இழையின் நுனி முதலில் வாடும். இரண்டு காலிலும் ஒரே சமயத்தில், விரலில் தொடங்கி, சாக்ஸ் போட்டது போல மேலே ஏறும். முழங்கால் அருகே வரும்போது கைவிரல் நுனிகளிலும் மதமதப்பு தெரியத் தொடங்கும். உங்கள் கடிதத்தில் இருப்பது அப்படியே இந்த வரைபடம்தான்: இரண்டு காலும், சமமாக, கணுக்காலுக்குக் கீழே.

இனி, மேட்டூரில் தண்ணீர் ஏன் குறைந்தது என்று பார்க்கவேண்டும். உங்கள் விஷயத்தில் சந்தேகிக்க மூன்று பேர் இருக்கிறார்கள். முகாமில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

முதலாமவர் சர்க்கரை. அவரைப் பற்றி உங்களுக்கே தெரியும். 11 ஆண்டுப் பழக்கம். கூடுதல் சர்க்கரை நரம்பிழையையும் கெடுக்கிறது, அந்த இழைக்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது.

இரண்டாமவர் பி12 வைட்டமின் குறைவு. நீங்கள் சைவம், தாவரங்களிலிருந்து பி12 நம்பகமாகக் கிடைப்பதில்லை. பாலும் தயிரும்தான் உங்கள் வழி. பழைய சோறும் முருங்கைக்கீரையும் நல்ல உணவுகள்தாம், நானும் சாப்பிடுகிறேன். பி12-க்கு மட்டும் அவற்றை நம்பி உட்கார முடியாது. அந்தப் பாலில் இருக்கும் பி12-ஐ உணவிலிருந்து பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். அமிலத்தைத்தான் தினமும் ஒரு பான்டோப்ரசோல் போட்டு அடக்கி வைத்திருக்கிறீர்கள். தப்பிக் கீழே போவதையும் சிறுகுடல் உறிஞ்சவிடாமல் மெட்ஃபார்மின் ஓரளவு தடுக்கிறது. அளவும் ஆண்டுகளும் கூடக்கூட இந்தத் தடை கூடும். ஆக, வாசல் மூன்று இருந்தால் மூன்றிலும் ஒவ்வொரு தாழ்ப்பாள். ஈரலில் சில ஆண்டுகளுக்குத் தாங்கும் சேமிப்பு இருப்பதால் குறைவு உடனே தெரியாது. மெதுவாக, சர்க்கரை நோயின் வேடத்திலேயே வரும். நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அவ்வப்போது பி12 அளவு பார்க்கவேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. நீங்கள் அனுப்பிய பதினொரு இரத்தப் பரிசோதனைத் தாள்களில் ஒன்றில்கூட அது இல்லை. இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நல்ல மருந்து அது. பி12-ஐப் பார்த்து, குறைந்தால் ஈடுசெய்தால் போதும். பான்டோப்ரசோல் இன்னும் தேவைதானா என்று மட்டும் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தது ஆறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

மூன்றாமவர்தான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்தவர். வெள்ளைத் தாளில் சோற்றுப் பசையால் வரிசையாக ஒட்டியிருந்தீர்களே, அந்த மூன்று மாத்திரை அட்டைகள். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது; வெள்ளி நிறத் தாளில் கடுகளவு எழுத்து. முதல் அட்டை: பைரிடாக்சின், அதாவது பி6, 100 மில்லிகிராம். இரண்டாவது சாதாரண பி காம்ப்ளெக்ஸ்: பி6 3 மில்லிகிராம், பி12 வெறும் 15 மைக்ரோகிராம். மூன்றாவது வேறு கம்பெனி, வேறு பெயர், வேறு நிறம். உள்ளே மறுபடியும் பி6 100 மில்லிகிராம். ஒன்றை ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார், ஒன்று மருந்துக்கடையில் கொடுத்தது, ஒன்று மைத்துனர் சொன்னது. மூன்றையும் கூட்டினால் நாளொன்றுக்கு 203 மில்லிகிராம். உடலின் அன்றாடத் தேவை சுமார் 2 மில்லிகிராம்.

நரம்புக்கு நல்லது என்று சாப்பிடும் இதே பி6, அளவு மிஞ்சி மாதக்கணக்கில் போனால் நரம்பைக் கெடுக்கும். 1983-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்ட செய்தி இது. அப்படிக் கெடும்போது உணர்வு நரம்புகள்தான் கெடும். கால் எங்கே இருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள். செருப்பு கழன்றதைச் சொல்லவேண்டிய நரம்புகளும் அவைதாம். உங்களுக்குப் பி6-ஆல்தான் இது வந்தது என்று நான் தீர்ப்பெழுதவில்லை; எரிச்சல் மாத்திரைக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் எரிகிற வீட்டில் எண்ணெயோடு நிற்பவரை விசாரிக்காமல் விடமுடியாது. மருத்துவரிடம் அட்டைகளைக் காட்டிவிட்டு, 100 மில்லிகிராம் அட்டைகள் இரண்டையும் நிறுத்துங்கள். நிறுத்திய முதல் சில வாரங்கள் சிலருக்குத் தொல்லை கூடிவிட்டுத்தான் குறையும். அப்போது பயந்து திரும்பத் தொடங்கிவிடாதீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுபவர்களுக்கு, அந்த மருந்து நரம்பைக் கெடுக்காமல் இருக்கவே சிறு அளவில் பி6 சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் அதை நிறுத்தக் கூடாது.

இந்த மூவரைத் தவிர வெளியில் ஒரு கூட்டமே இருக்கிறது. தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின், பாக்லிடாக்செல், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள், பரம்பரை வழி. மதுவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பழக்கம் இருந்தால் மருத்துவரிடமாவது மறைக்காதீர்கள், ஏனெனில் அதுவே தனியாக இதே எரிச்சலைக் கொண்டுவரும். பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் வாங்கும் பற்பம், செந்தூரம் போன்றவற்றில் ஆர்சனிக்கும் ஈயமும் இருந்து நரம்பு கெட்டவர்கள் உண்டு. பதிவுபெற்ற சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை, பொட்டலக்காரர்களைச் சொல்கிறேன். இன்னொன்று தொழுநோய். நம் நாட்டில் ஒழிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். 2005-இல் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியதைத்தான் அப்படிப் புரிந்துகொண்டோம். இன்றும் இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். உடலில் எங்காவது வெளிறிய, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக மருந்து கிடைக்கும், குணமாகும்.

பரிசோதனைகளுக்குப் பெரிய செலவில்லை. பி12, தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இரத்த அணு எண்ணிக்கை, மூன்று மாதச் சர்க்கரை. பிறகு உங்கள் காலைக் கையால் தொட்டுப் பார்க்கிற ஒரு மருத்துவர். அவர் மேசையில் இரண்டு பொருள்கள் இருந்தால் போதும். ஒன்று, தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. பாதத்தில் வைத்து அழுத்தினால் உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பார். இன்னொன்று, பள்ளிக்கூட அறிவியல் கூடத்தில் பார்த்த இசைக்கவை. அதைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்தால் அதிர்வு தெரியவேண்டும். மின் கருவியால் நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. எரிச்சலைக் கடத்தும் மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்றே வரும். "ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர்.

இப்போது கத்தி. நரம்பு ஓரிடத்தில் நசுங்கினால் அறுவை சிகிச்சை அருமையான வைத்தியம். மணிக்கட்டில் நரம்பு நசுங்கி, இரவில் மூன்று விரல்கள் மரத்துப்போகும் பெண்களுக்குச் சிறிய வெட்டு போதும், அன்றிரவே நிம்மதியாகத் தூங்குவார்கள். முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கிக் கால் செயலிழந்தால் அறுவையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. உங்கள் பாதிப்பு அப்படிப்பட்டதன்று. தலைமடையில் தண்ணீர் இல்லாதது. தண்ணீரே வராத வாய்க்காலில் கடைசி மதகை இடித்து அகலப்படுத்தி என்ன பயன்? சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்புக்குக் காலில் பல இடங்களில் நரம்பைத் தளர்த்தும் அறுவையை அமெரிக்க நரம்பியல் கழகம் 2006-இல் ஆராய்ந்து, பலன் நிரூபிக்கப்படாதது என்று எழுதியது. போதாததற்கு, சர்க்கரை 8.4 இருக்கும் உணர்ச்சி குறைந்த காலில் நாமே நாலு புண்களை உண்டாக்குகிறோம்.

ஆனால் இவற்றைக் கண்டால் என் பதிலை மடித்து வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்: சில நாள்களுக்குள் காலிலிருந்து மேலே ஏறும் பலவீனம், பாதம் தொங்கிப்போவது, ஒரு காலில் மட்டும் திடீரென வரும் மரப்பு, உட்காருமிடம் மரத்துப்போய்ச் சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது.

சர்க்கரையை ஒரே மாதத்தில் இறக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இறக்கத்தான் வேண்டும், மெதுவாக. பல மாதம் உயரத்தில் இருந்த மூன்று மாதச் சர்க்கரை, மூன்றே மாதத்தில் இரண்டு புள்ளிகளுக்கு மேல் சரிந்தால், அந்தச் சரிவே கடுமையான எரிச்சலைக் கிளப்பிவிடும். "சர்க்கரை நன்றாகக் குறைந்த பிறகுதான் கால் எரிகிறது டாக்டர்" என்று வருபவர்கள் பொய் சொல்வதில்லை. 8.4-இலிருந்து 7 அருகே வர ஐந்தாறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடந்து குறைக்காதீர்கள்.

எரிச்சலுக்கு இப்போதைக்கு என்ன? டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த வலியைத் தொடுவதேயில்லை, சிறுநீரகத்தைத்தான் தொடும். உங்களிடம் இருந்தால் தூக்கி எறியுங்கள். நரம்பு வலிக்கென்று பயன்படுபவை அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபாலின், காபாபென்டின் என்ற நான்கு. முதல் இரண்டும் மனச்சோர்வுக்கு வந்தவை, பின்னவை வலிப்புக்கு வந்தவை. இதைச் சொல்லியே தீரவேண்டும், ஏனெனில் நான் எழுதிக் கொடுத்த சீட்டைக் கடைக்காரர் பார்த்து, "ஐயோ, இது மெண்டல் மாத்திரை ஆயிற்றே, உங்களுக்கு எதற்கு?" என்று கேட்க, நோயாளி அப்படியே திரும்பிவந்து என்னிடம் கோபப்பட்டதுண்டு. வலியைக் கடத்தும் நரம்பின் பேச்சைத் தணிக்க இவை உதவுகின்றன, மன நோய் இருக்கிறது என்று பொருளில்லை.

எதில் தொடங்குவது? 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில் அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபாலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஒன்று போதாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது கூடுதல் நிம்மதி கிடைத்தது. ஆகவே தேர்வு பக்கவிளைவைப் பொறுத்தது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதாகவும், முக்கவேண்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது புராஸ்டேட்டாக இருந்தால் அமிட்ரிப்டிலின் சிறுநீரை அடைத்துவிடும். உங்களுக்கு அது ஏற்றதன்று. டுலாக்செட்டின் 30 மில்லிகிராமில் தொடங்கி 60 வரை போகலாம்; முதல் வாரம் குமட்டும், சாப்பாட்டோடு போட்டால் குறையும். அதுவும் சிலருக்குச் சிறுநீரைச் சற்றுத் தடுக்கும் என்பதால் முக்குவதை மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். ஈரல் கோளாறும் கண் அழுத்தமும் இருப்பவர்களும் முன்கூட்டியே சொல்லவேண்டும். பிரிகாபாலின் தூக்கத்தைக் கொடுக்கும், சிலருக்குக் கால் வீங்கும், எடை கூடும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைக்கவேண்டும். முடிவு உங்கள் மருத்துவருடையது. எதுவானாலும் நான்கைந்து வாரமாவது கொடுங்கள், பத்து நாளில் மாற்றாதீர்கள், திடீரென நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். வலி பாதியாகக் குறைந்து, நீங்கள் ஈரத் துண்டில்லாமல் தூங்கினால் அது வெற்றி. முழுக்க மறையும் என்று யாராவது உறுதி சொன்னால் அவருக்கு நீங்கள் பணம் கொடுக்கப்போகிறீர்கள் என்று பொருள்.

மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்றீர்கள். அது வெறும் உவமை அன்று. மிளகாயின் காரமும் கொதிக்கும் சூடும் நரம்பு நுனியில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. அந்தக் கதவைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே காரத்தை, கேப்சாய்சின் என்ற பெயரில், 0.075 சதவீதக் களிம்பாக நாளுக்கு மூன்று நான்கு முறை தடவிவந்தால் கதவைத் தட்டித் தட்டி நரம்பு நுனி ஓய்ந்துபோகிறது. முதல் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல் கூடும்; அதைத் தாங்குபவர்களுக்குத்தான் பலன். புண், வெடிப்பு இருக்கும் இடத்தில் தடவக் கூடாது, தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. வீட்டு அம்மியில் அரைத்துப் பூசிப்பார்க்கும் எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அளவு தெரியாத காரம் உணர்ச்சியில்லாத தோலைக் கொப்புளமாக்கிவிடும்.

மகன் சொல்லும் கருவிக்கு வருகிறேன். வெறும் அதிர்வு கொடுப்பது இதமாக இருக்கலாம், நரம்பை வளர்க்காது. அதில் சூடு கொடுக்கும் வசதி இருந்தால் வீட்டுக்குள் விடாதீர்கள். தோலின்மேல் மின்முனை ஒட்டி மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் டென்ஸ் கருவி சிலருக்கு ஓரளவு வலி குறைக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கூடாது. அகச்சிவப்பு ஒளிக் கருவியைப் போலிக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு வாங்கலாம்.

பணமே செலவில்லாத வைத்தியம் நடை. காலில் புண் இல்லாதவரை, மூடிய காலணியோடு, தினமும் அரை மணி. கூடவே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு குதிகாலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து நிற்கப் பழகுங்கள். காலையில் முகம் கழுவக் கண்ணை மூடிக் குனியும்போது தள்ளாடுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கால் நரம்பு சொல்லாததைக் கண் சொல்லிக்கொண்டிருந்தால் கண்ணை மூடியதும் குட்டு வெளிப்படும். அதே காரணத்துக்காகக் கழிப்பறை வழியில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். மூன்று முறை எழுகிறீர்களே.

கடைசியாகச் செருப்பு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் சிஎம்சி-க்கு அறுவை மருத்துவராக வந்தவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்: சூடான பாத்திரத்தைப் பிடித்தது, செருப்புக்குள் ஆணி ஏறியது, ஒரே இடத்தில் ஓயாமல் அழுந்தியது. இரவோடு இரவாக விரலின் ஒரு துண்டு காணாமல் போனதற்கும் காவல் இருந்து பார்த்தார்கள். எலி கடித்துக்கொண்டிருந்தது, தூங்கியவருக்குத் தெரியவில்லை. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள். நோய் தின்றதை விட, வலி தெரியாததால் போனதுதான் அதிகம். 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போனவர், இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் கொண்டுபோனார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் எம்சிஆர் என்ற மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்பும் தொழுநோய்ப் பணியின் வழியே வந்ததுதான்.

அந்தச் செருப்பைத்தான் வாங்கச் சொல்கிறேன். குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்கவேண்டும். விரலிடுக்கில் பட்டை கோத்த ரப்பர் செருப்பு இனி வீட்டுக்குள்ளும் வேண்டாம். மாலையில் போய் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இரவில் பாதத்தின் அடியை, விரலிடுக்கை, கண்ணாடி வைத்தாவது பார்க்கவேண்டும். ஆணிக்காலைப் பிளேடால் சீவுவது, அதற்கு மருந்துப் பட்டை ஒட்டுவது இரண்டும் கூடாது. அந்தப் பட்டையில் இருப்பது அமிலம். எரிச்சலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை முக்குவதும் வேண்டாம். சூடு எவ்வளவு என்று சொல்லவேண்டிய கால் உங்களுக்கு உண்மையைச் சொல்வதில்லை. உங்கள் மனைவியின் முழங்கை சொல்லும்.

உங்கள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் கோயில். சித்திரை, வைகாசியில் உச்சிவேளைக்குப் பிரகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு ஒரு சுற்று வந்தால், மாலையில் சாக்ஸைக் கழற்றும்போது பாதம் முழுக்கக் கொப்புளம் இருக்கும். இப்படி ஒவ்வொரு கோடையிலும் என்னிடம் ஆள் வருகிறார்கள். ஒருவரும் "சுட்டது" என்று சொல்லி வரவில்லை, "ஈரமாக இருந்தது, பார்த்தால் தோல் உரிந்திருந்தது" என்றுதான் வருகிறார்கள். விடியற்காலையிலோ இரவிலோ போங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர்; காலணி இல்லாமல் போகவேண்டாம். பழைய பஸ்களில் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டியின்மேல் காலை வைத்து உட்காராதீர்கள். புண் ஒன்று கண்ணில் பட்டால், வலிக்காததையே காரணமாக வைத்துத் தள்ளிப்போடாமல் மறுநாளே காட்டுங்கள்.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். காலை நீட்டிக் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, வரிசை மாற்றி, ஒன்றிரண்டு விநாடி இலேசாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஒருமுறை தொட்டதை மறுபடி தொடக் கூடாது. தெரிந்தால் வலது, இடது என்று நீங்கள் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் இப்ஸ்விச் ஊர் மருத்துவர்கள் வகுத்த சோதனை இது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் காலைக் காயத்திலிருந்து காக்கும் தொடுவுணர்வு போய்விட்டது என்று கொள்ளவேண்டும். எத்தனை தவறியது என்பதையும், பி12 அளவையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். உங்கள் மனைவிக்கும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். காலில் மெட்டி இறுகியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.